பொதுப் பாதையும் பசுமை இடமும் கைவிட்டுப் போகாமல் காப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நீங்கள் தினமும் நடக்கிற பாதையில் ஓர் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று வையுங்கள். முதல் நாள் தாண்டிக் குதித்துப் போவீர்கள். அடுத்த நாள் ஓரத்துப் புல்லில் கால் வைத்துச் சுற்றிப் போவீர்கள், பின்னால் வருகிறவரும் அதையே செய்வார், ஒரு மாதத்தில் அந்தப் புல்லும் போய் அங்கேயும் சேறு, அப்புறம் அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் தள்ளி நடப்பார்கள். ஒரு மீட்டர் அகலப் பாதை நாலு மீட்டர் சகதியாகிவிடும். அதைப் பார்த்ததும் வயதானவர்கள் வருவதை நிறுத்துவார்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் நிறுத்துவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று தெரிந்ததும் யாரோ ஒருவர் இடித்த வீட்டுக் கல்லையும் மண்ணையும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டுவார், அதன்மேல் புதர் மண்டும், பக்கத்து நிலத்தின் வேலி இரண்டடி முன்னால் நகரும். பத்து வருடம் போனால் “இங்கே பாதையா? எப்போது இருந்தது?” என்று கேட்பார்கள்.

பாதையை யாரும் ஒரே நாளில் வந்து அடைப்பதில்லை. பாதியைத் தண்ணீர் அரிக்கும், மீதியை மறதி அரிக்கும். அதனால் இங்கே நான் அதிகம் பேசப்போவது இந்த இரண்டைப் பற்றித்தான். பெயர்ப்பலகை, பெஞ்சு, மரம் நடும் விழா எல்லாம் அப்புறம்.

முதல் படி: நடந்து பாருங்கள், மழையிலும்

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு மாதமாவது சும்மா நடந்து பாருங்கள். காய்ந்த நாளில் ஒருமுறை, மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒருமுறை, இருட்டுகிற நேரத்தில் ஒருமுறை. போகும்போது தெரியாதது வரும்போது தெரியும், அதனால் இரண்டு திசையிலும் நடக்க வேண்டும். முடிந்தால் ஒரு குழந்தை வண்டியையோ சக்கர நாற்காலியையோ தள்ளிக்கொண்டு போங்கள். பத்து வருடமாக நீங்கள் கவனிக்காத ஒரு கல், சக்கரம் மோதியதும் கண்ணில் படும்.

கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண், இடம், என்ன பிரச்சினை, யாரால் சரிசெய்ய முடியும் என்று ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் “நாமே”, “ஆள் வைத்து”, “அலுவலகம்” என்று மூன்றே வகை போதும். செல்பேசியில் படம் எடுக்கும்போது பின்னணியில் நகராத ஏதாவது ஒன்று இருக்கட்டும், ஒரு பாறை, ஒரு கம்பம், ஒரு சுவர் மூலை. அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று எடுக்கிற படத்தோடு ஒப்பிட அதுதான் உதவும். நடந்த தடத்தை ஜி.பி.எஸ். செயலி ஒன்றில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை கேட்பார்கள்.

மழையில் போகும்போது தேங்கி நிற்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அது எங்கிருந்து பாதைக்குள் நுழைகிறது, எவ்வளவு தூரம் பாதையோடு ஓடுகிறது, எங்கே வெளியேறப் பார்க்கிறது என்று மேல்நோக்கித் தேடிப் போங்கள். குட்டை தெரிகிற இடம் ஒன்று, குற்றம் இருக்கிற இடம் இன்னொன்று.

இன்னொரு வேலை, கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை. வார நாளில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து யார் யார் போகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒரு கணக்கு. யார் வரவே இல்லை என்பதுதான் முக்கியமான கணக்கு. இருட்டிய பிறகு பெண்கள் யாரும் இல்லையா, ஊன்றுகோலோடு ஒருவர்கூட வரவில்லையா, பிள்ளைகள் தனியாக வருவதில்லையா, அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது. கூடவே புல்வெளியின் குறுக்கே ஜனங்கள் தாங்களாகவே நடந்து நடந்து போட்ட தடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடம் போட்டவரைவிடக் கால்களுக்கு வழி நன்றாகத் தெரியும். அந்தத் தடத்தை வேலி போட்டு மறிப்பதைவிட அதையே நல்ல பாதையாக்குவது மலிவு.

இரண்டாம் படி: நிலம் யாருடையது, நடக்கும் உரிமை யாருடையது

இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள், இதைக் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை வருகிறது. தனியார் நிலத்தின் நடுவே பொதுமக்களுக்கு நடக்கும் உரிமை இருக்கலாம். பொது நிலமாக இருந்தும் பூங்காவின் சாவி யாரோ ஒருவர் பையில் கிடக்கலாம்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைபாதைகளுக்கு அதிகாரபூர்வ வரைபடம் உண்டு. அதில் இல்லாத பாதையாக இருந்தாலும், 20 வருடம் தொடர்ந்து வலுக்கட்டாயமில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் மக்கள் நடந்திருந்தால் அது பொதுவழி என்று கோர 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இடம் தருகிறது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பெரும்பாலான நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் போகலாம். ஸ்வீடனில் இயற்கைவெளியில் எல்லாரும் நடமாடும் உரிமை அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் நிலத்தின் வழியே போவது போன்ற உரிமைகளுக்கானது) 20 வருடத் தடையில்லாப் பயன்பாட்டைக் கணக்கில் எடுக்கிறது, அரசு நிலமானால் அது 30 வருடம். பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுக்கக் கூடாது என்று பெங்களூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கச் சொல்லி அதே நீதிமன்றம் 2011-இல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்று அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஆனால் எந்தச் சட்டமானாலும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: ஆதாரம் எங்கே?

அதனால் இப்போதே சேகரியுங்கள். நில அளவை வரைபடம், அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடம், பழைய நிலவரைபடங்கள், பழைய வான்படங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைத் திருப்பிப் பார்க்கலாம், தடம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அதைத் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம்விட அவசரமானது மூத்தவர்களின் வாய்மொழி, ஏனென்றால் காகிதம் அடுத்த வருடமும் இருக்கும், அவர்கள் இருப்பார்களா தெரியாது. எந்த வருடம் முதல் நடந்தார்கள், எங்கிருந்து எங்கே, வாரத்துக்கு எத்தனை முறை, நடந்தா வண்டியிலா, யாராவது எப்போதாவது தடுத்தார்களா, யாரிடமாவது அனுமதி கேட்டார்களா என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். “ரொம்ப காலமாக நடக்கிறோம்” என்ற வரிக்கு மதிப்பில்லை. “மூத்த பெண் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடத்திலிருந்து” என்றால் அதை வருடமாக மாற்றிக் கணக்கில் வைக்கலாம்.

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதையைச் சேர்ப்பதும் நல்லது. அது உரிமையைத் தராது, ஆனால் புதிதாக வருகிறவர்களைக் கொண்டுவரும்.

ஒரு எச்சரிக்கை. இது மெதுவான வேலை. இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் 1932 ஏப்ரலில் சில நூறு பேர் தடையை மீறி நடந்தார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்தவெளி மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமைக்கு முழுச் சட்டம் அங்கே வந்தது 2000-இல். எனவே மூன்று மாதத்தில் பதில் வரவில்லை என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்கு இந்த 68 வருடம்தான் ஞாபகம் வரும்.

மூன்றாம் படி: தண்ணீரைத் திருப்புங்கள்

எங்கள் குழு முதல் வருடம் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதையில் ஒரு குட்டை. இரண்டு லோடு ஜல்லி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சட்டி சட்டியாகச் சுமந்து கொட்டி, மிதித்துச் சமன் செய்து, கை கோத்துப் படமும் எடுத்துக்கொண்டோம். அடுத்த மழையில் ஜல்லி பாதி சேற்றுக்குள் இறங்கிவிட்டது, குட்டை மூன்று மீட்டர் தள்ளிப் புது இடத்தில் உட்கார்ந்திருந்தது. தினமும் அந்த வழியாகப் போகிற ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, குடை நுனியால் மேலே காட்டி, “தண்ணி அங்கேருந்து வருது, நீங்க இங்கே கொட்டிக்கிட்டு இருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே இருபது மீட்டர் நடந்து போய்ப் பார்த்தால், பாதையின் ஓர வரப்பு உடைந்து சரிவுத் தண்ணீர் முழுவதும் பாதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மண்வெட்டி, அரை மணி நேரம், சாய்வாக ஒரு வாய்க்கால். அவ்வளவுதான்.

ஆக விதி இதுதான்: தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்கலாம், பாதையோடு சேர்ந்து ஓடக் கூடாது.

சரிவில் போகிற பாதைக்கு வெளிப்பக்கமாக வாட்டம் வேண்டும். சுமார் 5 சதவீதம், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து பள்ளப் பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம். நடக்கும்போது காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சோதிக்க ஒரு பாட்டில் தண்ணீரைப் பாதையின் மேட்டுப் பக்கம் ஊற்றிப் பாருங்கள். குறுக்கே ஓடி விளிம்பைத் தாண்டிவிட்டால் நல்லது, திரும்பிப் பாதையோடு ஓடினால் வேலை இருக்கிறது. பல இடங்களில் நடந்து நடந்து நடுப்பகுதி தேய்ந்து, வெளி விளிம்பில் மண் வரப்பு மாதிரி உயர்ந்திருக்கும். அந்த விளிம்பைச் செதுக்கி எடுத்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும்.

புதிதாகப் பாதை போடுகிறவர்கள் சரிவில் நேராக இறங்காதீர்கள். பாதை அமைப்பவர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு: பாதையின் ஏற்றம், அது போகிற சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பக்கவாட்டில் இறங்காமல் பாதையையே வாய்க்காலாக்கிவிடும். சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள், அதாவது பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏற்றம் என்ற அளவில் இருந்தால் மண்பாதை தாக்குப்பிடிக்கும். நீளமான இறக்கத்தில் அங்கங்கே பாதையே கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறுகிற மாதிரி ஒரு தாழ்வு வையுங்கள், தண்ணீர் அந்தத் தாழ்வில் வெளியேறிவிடும். ஏற்கெனவே இருக்கிற பாதையில் அப்படி வைக்க வழியில்லை என்றால் கல்லையோ மரக்கட்டையையோ சாய்வாகக் குறுக்கே புதைத்துத் தடுப்பு போடலாம். நேர்க்குறுக்காகப் போட்டால் வண்டல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், சாய்வாகப் போட்டால் தண்ணீரே ஓரளவு துடைத்துக்கொண்டு போகும். எப்படிப் போட்டாலும் வருடத்துக்கு இரண்டு முறையாவது தூர் வார வேண்டும், அதைச் செய்ய ஆளில்லை என்றால் தடுப்பு போடாதீர்கள், அடைபட்ட தடுப்பு இல்லாத தடுப்பைவிட மோசம்.

சமதளத்தில் கதை வேறு. வெளியேற்றப் பள்ளமே இல்லாததால் பாதையைத்தான் உயர்த்த வேண்டும். மேல்மண்ணை எடுத்துவிட்டு, சேற்று மண்ணாக இருந்தால் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து (ஜல்லி மண்ணுக்குள் இறங்காமல் அது தாங்கும், எங்கள் இரண்டு லோடு இறங்கியது அது இல்லாததால்தான்), சுமார் 10 சென்டிமீட்டர் பெரிய ஜல்லி, அதன்மேல் 5 சென்டிமீட்டர் கிரஷர் தூள். ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். நடுவில் லேசான மேடு, இரண்டு பக்கமும் சுமார் 2 சதவீத வாட்டம். இரண்டு ஓரமும் சிறு வாய்க்கால், அது போய்ச் சேர ஓர் இடம். கடைசியாகச் சொன்னதை மறந்தவர்கள்தான் அதிகம்.

நாலு பக்கமும் ஊற்று வருகிற இடம், சதுப்பு, பறவைகள் முட்டையிடும் ஈரநிலம் இதையெல்லாம் நிரப்பித்தான் பாதை போட வேண்டும் என்று இல்லை. மரப்பலகை நடைமேடை போடலாம், அல்லது பாதையைச் சுற்றித் திருப்பிவிடலாம். மனிதர் போகாத ஒரு மூலை இருந்தால் பசுமை இடத்துக்கு அது குறையாகிவிடாது.

நாலாம் படி: செடி, கொடி, மரம்

நடப்பதற்குத் தலைக்கு மேல் சுமார் இரண்டே கால் மீட்டர் வரை கிளை இல்லாமலும், பாதையின் இரண்டு ஓரமும் ஒரு முழம் செடி இல்லாமலும் இருந்தால் போதும். அதற்கு மேல் “சுத்தம்” செய்கிறேன் என்று இறங்குகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். புதர் என்பது குப்பை இல்லை. கூடு கட்டும் காலத்தில் கவாத்து வேண்டாம், மற்ற நாட்களிலும் வெட்டுவதற்கு முன் கிளைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மழை வந்தால் கிளை தாழும் என்பதையும் கணக்கில் வையுங்கள், காய்ந்த நாளில் தலைக்கு மேல் இருந்த கிளை ஈரத்தில் முகத்தில் அடிக்கும்.

கை அளவு தடித்த கிளையை ஒரே வெட்டில் வெட்டினால் விழும்போது மரத்தின் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு போகும். மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழுந்துவிடும். மிச்சமிருக்கிற கட்டையை, கிளை அடிமரத்தோடு சேருகிற இடத்தில் தடித்திருக்குமே ஒரு வளையம், அதற்குச் சற்று வெளியே அறுங்கள். அந்த வளையத்திலிருந்துதான் காயம் ஆறும். அதை மரத்தோடு மட்டமாகச் சீவிவிட்டால் ஆறாது, நீளமாக விட்டால் மிச்சக் கட்டை மட்கி உள்ளே இறங்கும். தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். மின்கம்பிக்குப் பக்கத்துக் கிளையை நீங்கள் தொடவே கூடாது, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

புல்லை முழுக்க வெட்டாதீர்கள். பாதையின் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் பட்டை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டு உள்ளே வளரவிட்டால் பூச்சிக்கும் பறவைக்கும் இடம் கிடைக்கும், பார்க்கிறவர்களுக்கும் இது கவனிப்பாரற்ற இடம் இல்லை என்பது புரியும். வேகமாகப் பரவுகிற அந்நியக் களைச்செடிகளை மழைக்கு அடுத்த நாள், மண் இளகியிருக்கும்போது, விதை கட்டுவதற்கு முன் வேரோடு பிடுங்க வேண்டும். விதை கட்டியதை இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் விதைத்த மாதிரிதான்.

மரக்கன்று பற்றி ஒரே கேள்வி: மூன்றாவது கோடையில் இதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? பெயர் சொல்ல முடிகிற அளவுக்குத்தான் குழி தோண்டுங்கள். தண்டு வேராக விரிகிற இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மூடாக்கு (மண்மேல் பரப்புகிற சருகு) 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும், தண்டைத் தொடாமல் உள்ளங்கை அகலம் இடைவெளி விட்டு. முட்டுக்கொடுத்த குச்சியையும் கயிற்றையும் ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள், எடுக்க மறந்து கயிறு பட்டைக்குள் புதைந்து செத்த மரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தால் புல் வெட்டுகிறவர் தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டாலும் அதே கதிதான்.

ஐந்தாம் படி: யாரால் உள்ளே வர முடியவில்லை

இருசக்கர வண்டிகள் நுழைகின்றன என்று வாசலில் கம்பியை வளைத்து வளைத்து ஒரு தடுப்பு வைப்பார்கள். வண்டிக்காரர் பக்கத்து வேலி ஓட்டையில் போய்விடுவார். சக்கர நாற்காலிக்காரர்தான் திரும்பிப் போவார்.

வாசலை யோசிக்கும்போது இந்த வரிசையில் யோசியுங்கள்: வெறும் இடைவெளி போதுமா? போதாது என்றால் எளிதாகத் திறக்கிற கதவு. அதுவும் சரிப்படாது, கால்நடை உள்ளே போய்விடும் என்கிற மாதிரி வலுவான காரணம் இருந்தால் மட்டும் வேறு தடுப்பு. ஏறித் தாண்டுகிற படி கடைசியிலும் கடைசி. கார் போகாமல் தடுக்க 1.2 மீட்டர் இடைவெளியில் கம்பங்கள் நட்டால் போதும், நாற்காலியும் குழந்தை வண்டியும் தாராளமாகப் போகும். மோட்டார் சைக்கிளையும் தடுத்து நாற்காலியையும் விடுகிற தடுப்பு என்று ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் நாற்காலி பக்கம்.

நாற்காலி தனியாகப் போக 90 சென்டிமீட்டராவது வேண்டும், திரும்ப ஒன்றரை மீட்டர், இரண்டு நாற்காலி ஒன்றையொன்று தாண்ட 1.8 மீட்டர். ஏற்றம் 20-க்கு 1, அதாவது இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயரம் என்றால் சிரமமில்லை. 12-க்கு 1 என்பது குட்டிச் சரிவுமேடைக்குத்தான், அதற்கு மேல் செங்குத்தாக வைத்துவிட்டுச் “சரிவு வைத்திருக்கிறோமே” என்று சொல்லாதீர்கள். உதிரி ஜல்லியில் சக்கரம் புதையும், இறுக்கிய கிரஷர் தூளில் ஓடும்.

பெஞ்சு வைத்தால் இருக்கை உயரம் சுமார் 45 சென்டிமீட்டர், கைப்பிடியோடு. முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க அந்தக் கைப்பிடிதான் துணை. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்கத் தரை விடுங்கள், இல்லையென்றால் கூட வந்தவர் உட்கார, நாற்காலியில் இருப்பவர் பாதை நடுவில் நிற்க வேண்டிவரும். ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை உட்கார இடம் இருந்தால் வராதவர்கள் வர ஆரம்பிப்பார்கள். பெரிய கல்லும் இருக்கைதான்.

பயம் என்கிற தடையும் இருக்கிறது. பாதை ஓரச் செடி இடுப்பு உயரத்துக்குக் கீழே, மரக்கிளை தலைக்கு மேலே என்று வைத்தால் நடுவில் தூரம்வரை பார்வை போகும். விளக்கு போட்டால் மஞ்சள் நிறத்தில், கீழ்நோக்கி, பாதை மேல் மட்டும் விழட்டும். கண்ணைக் கூச வைக்கிற வெள்ளை விளக்கு தன்னைச் சுற்றி வெளிச்சம் போட்டு, அதற்கு அப்பால் இருக்கிறதை இன்னும் இருட்டாக்கிவிடும்.

ஆறாம் படி: ஆட்கள்

இரண்டு பேர் இருந்தால் தொடங்கலாம். நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில் பாதையை இடிக்க இருந்தபோது, ஒரு பகுதிக் கூட்டத்தில் சந்தித்துக்கொண்ட இரண்டு பேர் 1999-இல் அதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2009-இல் அதன் முதல் பகுதி ஹை லைன் பூங்காவாகத் திறந்தது.

வேலை நாள் என்றால் முதலில் நில உரிமையாளரிடம் அல்லது பராமரிக்கிற அலுவலகத்திடம் எழுத்தில் அனுமதி. எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைத்தவர் கையில் அரிவாள் ஆபத்து, களைத்தவர் அடுத்த மாதம் வரவும் மாட்டார். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், கைரம்பம், முள்வாரி, சட்டி, கையுறை, முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர். கருவியோடு வேலை செய்கிற இருவருக்கு நடுவே மூன்று மீட்டர் இடைவெளி. புதருக்குள் கை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள், பாம்போ குளவிக் கூடோ இருக்கலாம்.

குனிய முடியாதவர்களையும் கூப்பிடுங்கள். படம் எடுக்க, கணக்கெழுத, கடந்து போகிறவர்களிடம் பேச ஆள் வேண்டும். உண்மையில் அந்தக் கடைசி வேலைதான் அடுத்த மாதத்துக்கான ஆட்களைக் கொண்டுவருகிறது.

ஏழாம் படி: பக்கத்து நிலக்காரரும் அலுவலகமும்

ஆக்கிரமிப்பு பூத்தொட்டியில்தான் தொடங்கும். ஒரு தொட்டி, அப்புறம் நாலு, அப்புறம் தொட்டிக்குப் பாதுகாப்பாக ஒரு கயிறு, கயிறு கம்பியாகும், கம்பி சுவராகும். தொட்டி நிலையிலேயே போய்ப் பேசுங்கள். தனியாக இரண்டு பேர் போனால் போதும், பத்துப் பேராகப் போனால் அவர் கௌரவத்துக்காகவாவது சண்டை போடுவார். “எடுங்கள்” என்று ஆரம்பிக்காமல், “இந்த இடத்தில் வண்டி திரும்ப முடியவில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளினால் நன்றாயிருக்கும்” என்று சொல்லிப் பாருங்கள். பாதி பேர் தள்ளிவிடுவார்கள். மீதிப் பாதிக்குக் கடிதம்.

ஒரு கடிதத்தில் ஒரே பிரச்சினை. பதினைந்து குறைகளை அடுக்கிய மனுவை எந்த மேசைக்கு அனுப்புவது என்று தெரியாமலேயே அது கிடப்பில் போய்விடும், எங்களுக்கு அப்படி ஒரு வருடம் வீணானது. இடம் (வரைபடத்தில் குறித்து), தேதி போட்ட படம், யாருக்கு என்ன சிரமம், நீங்கள் கேட்கிற ஒரே நடவடிக்கை, எப்போதைக்குள். ஒப்புகைச் சீட்டோ பதிவெண்ணோ வாங்காமல் திரும்பாதீர்கள். முப்பது நாளில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த கடிதம். தகவல் அறியும் சட்டம் இருக்கிற நாடுகளில் (இந்தியாவில் 2005 முதல்) “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், “இந்த எண்ணுள்ள மனுமீது எந்தத் தேதியில் என்ன குறிப்பு எழுதப்பட்டது, அதன் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு வியாக்கியானம் வரும், இரண்டாவதுக்குக் காகிதம் வரும்.

நன்றிக் கடிதமும் எழுதுங்கள். ஒருமுறை அடைபட்ட சிறுபாலத்தைச் சரிசெய்து கொடுத்த ஊழியருக்கு, அவர் மேலதிகாரிக்கு நகல் போட்டு நன்றி எழுதினோம். அதற்குப் பிறகு எங்கள் மனுக்கள் அவ்வளவு நாள் தூங்கவில்லை.

எட்டாம் படி: பலகை, குப்பைத்தொட்டி

சுருக்கமாக. பாதை பிரிகிற இடத்தில் அம்புக்குறி வையுங்கள், இரண்டு திசையிலிருந்து வருகிறவருக்கும் தெரியும்படி. தூரத்தோடு எத்தனை நிமிட நடை, படி இருக்கிறதா என்றும் எழுதுங்கள். “கூடாது” என்று ஏழு வரி எழுதிய பலகையை யாரும் படிப்பதில்லை, பழுது என்றால் யாரிடம் சொல்வது என்ற ஒரு வரி உபயோகம். குப்பைத்தொட்டியை யார் எந்தக் கிழமை காலி செய்வார் என்று உறுதியாகாமல் வைக்காதீர்கள். நிரம்பி வழிகிற தொட்டி, இங்கே கொட்டலாம் என்று ஊருக்கே சொல்கிற மாதிரி.

ஒன்பதாம் படி: வருடச் சுற்று

மழைக்காலத்துக்கு முன் வாய்க்கால், தடுப்பு, சிறுபாலம் எல்லாம் தூர் வாருங்கள். முதல் பெருமழையில் குடையோடு போய் நோட்டில் குறியுங்கள். மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போதே வாட்டத்தைச் சரிசெய்யுங்கள், காய்ந்த மண்ணைவிட ஈர மண் நன்றாக இறுகும். வறண்ட மாதங்களில் கன்றுக்குத் தண்ணீர், கடிதம், கணக்கு. ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் முழுப் பாதையையும் நடந்து, குறை ஒன்றுமே இல்லாவிட்டாலும் தேதியும் “ஒன்றுமில்லை” என்றும் எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது “இந்தப் பாதையில் யாருமே நடப்பதில்லை” என்று சொன்னால் அந்த “ஒன்றுமில்லை”கள்தான் எடுத்து நீட்ட வேண்டிய ஆதாரம்.

வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லை நடை போங்கள். இங்கிலாந்துத் திருச்சபை வட்டாரங்களில் எல்லைக் கற்களைக் கம்பால் தட்டிக்கொண்டே சிறுவர்களோடு சுற்றி வருகிற பழைய வழக்கம் ஒன்று உண்டு, வரைபடம் அரிதாக இருந்த காலத்தில் எல்லையை அடுத்த தலைமுறைக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் நடையில் ஒவ்வொரு எல்லைக் கல்லுக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. கல் இருக்கிறதா என்று பார்த்து, மண்ணைத் தட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். போன வருடம் ஆறாவது கல்லைக் காணோம். பெரியவர்கள் நாங்கள் வரைபடத்தை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கல்லின் பொறுப்பாளி, எட்டு வயது, நேராகப் போய் ஒரு புதரை விலக்கி, “இங்கே இருக்கு, சாஞ்சு கிடக்கு” என்றாள்.